ஐநூறு சொற்களில் அண்ணன்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கனகாவின் விரலில் கொதிக்கும் பால் தெறித்தது. அவள் கையை இழுக்கவில்லை. தெறித்தது என்பதே சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

"பாலு பொங்குது பாரு! எங்கிருக்குது உன்ற நெனப்பு?" என்று ஓடிவந்து அடுப்பை அணைத்தாள் அம்மா சென்னம்மா.

கனகா விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து மாதமாக இப்படித்தான். சாப்பிட்டால் உப்பு தெரியவில்லை. யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுகிறது.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஓர் அட்டை ஆலையில் வேலை பார்த்தான் அண்ணன் சிவகுமார். ஐந்து மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, ஆலையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான். ஏறி வரவில்லை. அம்மா மண்ணில் புரண்டு அழுதாள். அண்ணி சௌம்யா மயங்கி விழுந்தாள். கனகாதான் ஆம்புலன்சுக்குப் பேசினாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள், சொந்த ஊரான கௌதள்ளியில் இருந்த உறவுக்காரர்களுக்குச் சேதி சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "படிச்ச புள்ள, கல்லாட்டம் நிக்குது பாரு" என்று கருமாதிக்கு வந்தவர்கள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்து, இரண்டு வருடமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்து வந்தவள், இனி சட்டம் படிக்கப் போகிறேன் என்று போன மாதம் அறிவித்தபோது வீட்டில் யாரும் காரணம் கேட்கவில்லை. பெங்களூரில் மூன்று வருடப் படிப்பு. நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அறிவியல் படித்த நீங்கள் ஏன் சட்டத்துக்கு வருகிறீர்கள் என்று ஐநூறு சொற்களுக்குள் ஒரு கட்டுரை. இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

போன் அடித்தது. ஹரிப்ரசாத். பி.எஸ்ஸி.யில் கூடப் படித்தவன். பிசிக்ஸை விட்டுச் சட்டத்துக்குப் போனவன். இப்போது, ஆலைமீது இவர்கள் போட்ட நஷ்டஈட்டு வழக்கை நடத்தும் வக்கீல் ஸத்யபாமாவிடம் ஜூனியர்.

"கட்டுரை ஆயித்தா?" என்றான்.

"ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். படிக்கறேன், கேளு. 'ஆய்வகம் எனக்குத் துல்லியத்தைக் கற்றுத் தந்தது. அந்தத் துல்லியத்தை நான் சட்டத்துறைக்கும்...'"

"நிறுத்து, நிறுத்து. சயின்ஸ்லேர்ந்து வர்றவா எல்லாரும் இதைத்தான் எழுதுவா. நானும் இதைத்தான் எழுதினேன், பிசிக்ஸ் எனக்குத் தர்க்கத்தைக் கத்துக்குடுத்ததுன்னு. வெயிட்டிங் லிஸ்ட்ல எழுபத்தி மூணாவதா போட்டா."

"அப்ப பேடன்ட் பத்தி எழுதட்டுமா?"

"உனக்கு அதுல ஆசை இருக்கா?"

"இல்ல."

"படிக்கறவாளுக்குத் தெரிஞ்சுடும்." கொஞ்சம் தயங்கினான். "தப்பா எடுத்துக்காதே கனகா. சிவகுமார் அண்ணாவைப் பத்தி எழுதேன். அதைப் படிச்சுட்டு உனக்கு சீட் இல்லேன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது."

இதற்குக் கோபம் வர வேண்டும் என்று கனகாவுக்குத் தோன்றியது. வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"சரி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சென்னம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெண்கள் விடுதி ஒன்றில் சமையல். திரும்ப ஐந்து மணி ஆகும். "வக்கீலம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று கனகாவையும் சௌம்யாவையும் பொதுவாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சாமராஜபுரத்தில் ஸத்யபாமாவின் அலுவலகம் ஒரு மாடி அறை. பதினொரு மணிக்குச் சௌம்யாவும் கனகாவும் எதிரே உட்கார்ந்தார்கள். ஹரிப்ரசாத் ஓரத்தில் நின்றான்.

"ஆலைக்காராளோட பதில் மனு வந்திருக்கு" என்றார் ஸத்யபாமா. கன்னடத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னார். இறந்தவர் தொட்டியில் இறங்குவதற்குச் சற்று முன் தன் குடும்பத்தார் ஒருவரோடு கைப்பேசியில் பேசினார். தொட்டியின் நிலைமை பற்றி அவரிடம் யோசனை கேட்டார். பிறகு சூப்பர்வைசர் தடுத்தும் கேளாமல், தன் இஷ்டத்துக்கு இறங்கினார். ஆகவே ஆலை பொறுப்பல்ல.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலைல பத்து நாப்பத்தி ரெண்டு. பேசறது கேமராவுல தெரியறதாம். யார்கிட்டப் பேசினார்?"

மேலே மின்விசிறி சுற்றியது. கனகா வாயைத் திறந்தாள்.

"என்கிட்டதாங்க" என்றாள் சௌம்யா.

ஸத்யபாமா பேனாவை எடுத்தார். "என்ன பேசினார்?"

"சாப்பாட்டு டப்பாவுல ஊறுகா வெக்க மறந்துட்டனுங்க. அதத்தான் கேட்டாரு."

"தொட்டியப் பத்தி?"

"ஒண்ணும் பேசலீங்க."

"புதன்கிழமை தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை. அங்கேயும் இதையேதான் சொல்லணும். அவா போன் கம்பெனி ரெக்கார்டைக் கேட்டு வாங்குவா. தெரியுமோன்னோ?"

சௌம்யா தலையாட்டினாள். அவள் கை மடியில் இருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

எழுந்தபோது ஸத்யபாமா கனகாவைப் பார்த்தார். "ஏதோ கட்டுரை எழுதறியாமே, ஹரி சொன்னான். கேஸ் நடக்கறச்சே இந்தச் சம்பவத்தைப் பத்தி ஒரு வரி எழுதறதா இருந்தாலும், அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும்."

"சொல்றேங்க."

பஸ் நிறுத்தத்தில் வெயில். இருவருக்கும் இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"அண்ணி, அந்த போன்..."

"தெரியும். பத்து நாப்பத்திரெண்டு. முப்பத்தெட்டு செகண்டு. கனகான்னு பேரு இருந்துச்சு."

"எப்பப் பாத்தீங்க?"

"ஆஸ்பத்திரில அவரு போன என்ற கையில குடுத்தாங்களே, அப்பவே."

"இத்தன நாளா ஏன் கேக்கல?"

சௌம்யா சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டா நீ சொல்லிப்போடுவ. சொன்னதுக்கப்பறம் ஒரே வீட்டுல எப்பிடிக் குடியிருக்கறது?"

ஹெப்பாள் பஸ் வந்து நின்றது. இருவரும் எழவில்லை. அது போயிற்று.

கனகா சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எண்ணையும் அளவையும் வாசிக்கிற அதே குரலில்தான் சொன்னாள். "நேத்தெல்லாம் அழுகின முட்ட நாத்தம், இன்னிக்கி மூடியத் தொறந்தப்பக் குப்புன்னு அடிச்சுது, இப்ப நாத்தமே இல்ல, எறங்கலாமான்னு கேட்டுச்சு அண்ணன். நாத்தம் போச்சுன்னா காத்து ஆடிருச்சுன்னு அர்த்தம், எறங்குன்னு சொல்லிட்டேன். அது தப்பு அண்ணி. அந்த வாயு அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துப் போயிரும். நாத்தம் தெரியாமப் போறதுதான் சாவுக்கு அறிகுறி. எம்.எஸ்ஸி. மொத வருசப் பாடம். நான் அதுல பரீட்ச எழுதி பாஸ் பண்ணியிருக்கேன்."

சௌம்யா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அடுத்த பஸ் வந்ததும் ஏறி, முன்னால் ஒரு கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கனகா பின்னால் நின்றபடி வந்தாள்.

இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் சௌம்யா பேசினாள். "அந்தப் பொய்ய உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காத. அத்தைக்காகச் சொன்னேன். மகனக் குடுத்தாச்சு. மகளையும் குடுக்கோணுமா அவங்க?"

கனகா அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தபோது மணி இரண்டு.

அண்ணனைப் பற்றி எழுதினாள். ஹரிப்ரசாத் சொன்னது சரிதான். சரளமாக வந்தது. தங்கை படிக்கட்டும் என்று பத்தாவதோடு நின்றவன். முதல் சம்பளத்தில் அவளுக்குக் கால்குலேட்டர் வாங்கித் தந்தவன். வாயு அளக்கும் மீட்டர் ஒன்றுகூட வைக்காத ஆலை. நீதி தேடிச் சட்டத்துக்கு வரும் தங்கை. நானூற்றுத் தொண்ணூறு சொற்கள். படித்துப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் பத்து நாற்பத்திரண்டு மணி மட்டும் அதில் இல்லை. அந்த நேரத்தில் கட்டுரையிலிருந்த தங்கை எங்கோ இருந்தாள், அழகாக, கைகழுவிக்கொண்டு.

எல்லாவற்றையும் அழித்தாள்.

பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் எழுதினாள், பரிசோதனைக் குறிப்பு எழுதுகிற மாதிரி. நேரம்: 10.42. கால அளவு: 38 விநாடி. அவன் கேட்டது. நான் சொன்னது.

எழுதியதைப் பார்த்தபடி இருந்தாள். ஏதோ இடித்தது. போனில் விநாடி எண்ணும் கடிகாரத்தை ஓடவிட்டு, அண்ணன் கேட்டதையும் தான் சொன்னதையும் பேசுகிற வேகத்தில் சொல்லிப் பார்த்தாள். பதினான்கு விநாடி.

இன்னொரு தடவை, மெதுவாக. பதினாறு.

மீதி இருபத்திரண்டு விநாடி எங்கே?

ஐந்து மாதமாக அவள் தலைக்குள் அந்த இரண்டு வாக்கியங்கள்தான் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தவிர வேறு எதையும் அவள் கேட்டுப் பார்க்கவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டாள். பரிசோதனைக் கூடம். இயந்திரத்தில் இருபதாவது மாதிரி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அந்தப் பக்கம் மோட்டார் இரைச்சல்.

*கனகா, வேலையா இருக்கறயா?*

*மெஷின் ஓடுது. சட்டுனு சொல்லு.*

*தொட்டில எறங்கச் சொல்றாரு சூப்பர்வைசரு. வாயு அளக்கற மீட்டர் இருக்குதான்னு கேட்டேன். உனக்கு மூக்கு இல்லையா, நாத்தம் அடிக்கலன்னா எறங்குடா, மத்தியானத்துக்குள்ள முடியோணுங்கறாரு...*

அதற்குப் பிறகுதான் முட்டை நாற்றம். அதற்குப் பிறகுதான் அவளுடைய பதில்.

மறுபடி கடிகாரத்தை ஓடவிட்டாள். முதலிலிருந்து கடைசிவரை. முப்பத்தேழு.

"அண்ணி!"

சௌம்யா ஈரக்கையோடு வந்து நின்றாள். கனகா லேப்டாப்பைக் காட்டாமல், நினைவு வந்ததை அப்படியே சொன்னாள். 'மூக்கு இல்லையா' என்ற இடத்தில் சௌம்யா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாளு அப்பிடித்தான் பேசுவான். கண்ணு இல்லையா, கை இல்லையான்னு. தெனமும் வந்து சொல்லுவாரு." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "தடுத்தும் கேக்காம எறங்கினாருன்னு எழுதியிருக்கறாங்களே, பாவிங்க" என்றாள். பிறகு மேசைமேல் கிடந்த போனை எடுத்துக் கனகாவிடம் நீட்டினாள். "வக்கீலம்மாவுக்குப் போடு. நான் சொன்னது பொய்யின்னும் சொல்லு."

ஸத்யபாமா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் திட்டினார். சௌம்யாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவளையும் திட்டினார். "அந்த ஊறுகாய்க் கதையோட புதன்கிழமை போய் நின்னிருந்தா, அரை மணியில கேஸ் போயிருக்கும். இனிமே எங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. கனகாகிட்டக் குடு."

கனகா வாங்கிக்கொண்டாள்.

"புதன்கிழமை நீ சாட்சி சொல்லணும். அவா வக்கீல் உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவான். எம்.எஸ்ஸி. படிச்ச நீதானே எறங்கச் சொன்னேன்னு ஊர் கேக்கக் கேப்பான். தாங்குவியா?"

"தெரியலீங்க. சொல்லுவேன்."

"சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் சொன்னா, அண்ணனுக்காகத் தங்கை ஜோடிக்கறான்னு தள்ளிடுவா. தன் தலையில பழியைப் போட்டுக்கறவளை அப்படித் தள்றது கஷ்டம். அதனால ரெண்டையும் சொல்லணும். உன்னோட பாதியை மறைச்சா அவனோட பாதியும் நிக்காது."

"சரிங்க."

"கட்டுரைல இது வரக் கூடாது. முதல்ல விசாரணை. புரியறதா?"

"புரியுதுங்க."

மணி நாலே கால். திரை வெறுமையாக இருந்தது.

பழைய துல்லியக் கட்டுரை இன்னும் கணினியில் கிடந்தது. அதை அனுப்பிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. கனகா அதன்மேல் அம்புக்குறியை வைத்தாள், எடுத்தாள். தரையில் உட்கார்ந்திருந்த சௌம்யா கேட்டாள், "அவரப் பத்தி எழுதலையின்னா வேற என்னத்தப் பத்தி எழுதுவ?"

"வாயுவப் பத்தி."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று கனகாவுக்கே விளங்கியது.

எழுத ஆரம்பித்தாள். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றம் தெரியாது. மூக்கின் நரம்பு செயலிழந்துவிடும். ஆபத்து கூடும்போது எச்சரிக்கை நின்றுபோகிற பொருள் இது. ஆகவே மனிதனின் மூக்கை நம்பி எந்த வேலையும் நடக்கக் கூடாது, மீட்டர் வேண்டும். இது கெமிஸ்ட்ரி. மீட்டர் இல்லாத இடத்தில், இறங்கு என்று சொல்பவனுக்கு எதிரே நின்று மாட்டேன் என்று சொல்ல ஒருவனுக்கு என்ன வேண்டும்? அதற்குக் கெமிஸ்ட்ரியில் பதில் இல்லை. பாடத்தைப் பரீட்சைக்குப் படித்தவர்களும், தேவைப்பட்ட நேரத்தில் மறந்துபோகிறார்கள். ஒருவருடைய ஞாபகத்தை நம்பி ஓர் உயிர் தொங்கக் கூடாது. அதற்குத்தான் விதி. அந்த விதியை ஏட்டிலிருந்து தொட்டி வாசலுக்குக் கொண்டுவரும் வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறேன்.

நானூற்றுப் பதினாறு சொற்கள். அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. அழ வைக்கிற வரி ஒன்றும் இல்லை. நான்கு ஐம்பத்தாறுக்கு அனுப்பினாள். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று திரை சொன்னது. சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் இந்தத் தடவை அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஐந்தேகாலுக்குச் சென்னம்மா வந்தாள். விளக்குப் போடாத அறையில் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"என்னாச்சு? வக்கீலம்மா என்ன சொன்னாங்க?"

"நான் சொல்லட்டா?" என்றாள் சௌம்யா மெல்ல.

"வேண்டாம் அண்ணி." கனகா எழுந்து நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. அவள் கையிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் கேட்டதை. தான் சொன்னதை. சூப்பர்வைசர் சொன்னதை. புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் சொல்லப் போவதை.

சென்னம்மா பையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று கனகா எதிர்பார்த்தாள். அடிப்பாள் என்றும். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு."

சௌம்யா நிமிர்ந்தாள்.

"கருமாதிக்கு கணேசன் வந்தான். உங்கண்ணங்கூட அந்தத் தொட்டிகிட்ட நின்னவன். உங்கண்ணன் கையில உறை போட்டிருந்ததால போன ஸ்பீக்கர்ல வெச்சுப் பேசியிருக்கறான். அந்தப் பையன் அத்தனையும் கேட்டிருக்கறான். சூப்பர்வைசரு ஏசினதையும் கேட்டிருக்கறான், நீ சொன்னதையும் கேட்டிருக்கறான். 'நான் வந்து சாட்சி சொல்றேன் அத்தே'ன்னான்."

"நேர்ல கேட்ட சாட்சியா? ஏம்மா சொல்லல?" கனகாவின் குரல் அவளுக்கே அந்நியமாக, உயர்ந்து ஒலித்தது.

"அவன் வாயத் தொறந்தா உன்ற பேரும் வருமே! ஊரே உன்ன என்ன சொல்லும்? நீ வேற கல்லாட்டம் நின்ன. உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்கா தெரியாது? இதையும் கேட்டா என்ன பண்ணிக்குவியோன்னு பயந்துபோயிட்டேன்." சென்னம்மா முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டாள். "என்ற மகன் தல மேல சத்தியம் பண்ணுடான்னேன். செத்தவன் தல மேல. வேலைய விட்டுட்டு எங்கியாச்சும் போயிருடான்னு நாந்தான் தொரத்தி உட்டேன்."

"எங்க போனானுங்க அத்தே?" என்றாள் சௌம்யா.

"தெரியாது. போன் நம்பர மாத்திப்போட்டான். கௌதள்ளில அவுங்கம்மா சித்தம்மாவுக்குத்தான் தெரியும். அவ மகன ஊர விட்டு அனுப்புன என்னைக் கண்டா கதவச் சாத்துவா."

வெளியே ஒரு கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. புதன்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள் இருந்தது.

கனகா அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கௌதள்ளிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கும்மா?"

"அஞ்சரைக்கு" என்றாள் சென்னம்மா. "நீங்க ரெண்டு பேரும் போனா அவ தொறக்க மாட்டா. சத்தியம் வாங்கினது நானு. நானே வந்து கதவத் தட்டறேன்."